விடுபட்ட எண்

வடசென்னையில் தண்டையார்ப்பேட்டைக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் அருகே அமைந்த பகுதி கொருக்குப்பேட்டை. சென்ட்ரல் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கி வரும் இருப்புப்பாதையும், கடற்கரை நிலையத்திலிருந்து இராயபுரம் வழியாக வரும் இருப்புப்பாதையும் இங்கேதான் ஒன்றுகூடுகின்றன. ஆதலால் இந்நிலையத்தில் சிறிது நேரம் நின்றாலும் சரக்கு வண்டிகள் போவதையும் வருவதையும் காணலாம்.

அவ்வண்டிகளின் ஒவ்வொரு பெட்டியிலும் பதினோர் இலக்கங்கள் கொண்ட நீண்ட எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டியின் வகையைக் காட்டும். அடுத்த இரண்டு, அது எந்த இரயில்வேக்கு உரியது என்பதைக் காட்டும். அதற்கடுத்த இரண்டு, அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும். பின்வரும் நான்கு இலக்கங்கள் அப்பெட்டிக்கே உரிய எண்ணாகும். எஞ்சி நிற்கும் பதினோராவது இலக்கம் ஒரு காவற்காரனைப் போன்றது. முன்னுள்ள பத்து இலக்கங்களையும் ஒரு முறைப்படி கூட்டிப் பெருக்கி அதனைக் கண்டுபிடிக்கிறார்கள். எண்ணைப் பார்த்து எழுதுபவர் ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டால், கடைசி இலக்கம் பொருந்தாமல் போகும். பிழை உடனே வெளிப்பட்டுவிடும்.

இவ்வெண் பெரியதுதான். ஆயினும் இது பெட்டிக்கு இடப்பட்ட பெயர் போன்றதேயன்றி, ஒரு பொருளின் அளவைக் கூறுவது அன்று. இதனை இரண்டால் வகுத்தால் மீதி வருமா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அப்பெட்டிக்குள் இருக்கும் மூட்டைகளின் எண்ணிக்கையோ அத்தகையதன்று. அங்கே வகுத்தலுக்கு வேலை உண்டு. 60 மூட்டைகள் இருப்பின், அவற்றை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என எத்தனை வகையாகவும் மீதியின்றிப் பங்கிடலாம். 59 மூட்டைகள் இருப்பின், ஒருவரிடமே எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். அன்றி, 59 பேருக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். வேறு வழியே இல்லை. ஒன்றே ஒன்று குறைந்ததனால் எவ்வளவு வேறுபாடு, பாருங்கள்!

மீதியின்றி ஓர் எண்ணை வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். 59-க்கு 1, 59 என்னும் இரண்டே காரணிகள் உள்ளன. இத்தகைய எண்ணைப் பகா எண் என்பர். 60-க்குப் பன்னிரண்டு காரணிகள் உள்ளன. இது பகு எண். 60-ஐவிடச் சிறிய எண்களில் எதற்கும் பன்னிரண்டு காரணிகள் இல்லை. 60-ஐவிடப் பெரியதாகிய 100-க்குக்கூட ஒன்பது காரணிகளே உள்ளன. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாடியாகவும் வகுத்தனர். இன்று நாம் ஒரு மணியை 60 நிமிடமாகவும், ஒரு நிமிடத்தை 60 நொடியாகவும் வகுக்கின்றோம். பாதி, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று என எப்படிப் பகுத்தாலும் பின்னமின்றி வருவதே இவ்வெண்ணின் சிறப்பு.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு மிகுதியான காரணிகளைப் பெற்ற எண்ணை மிகு பகு எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை தொடங்குகிறது. இவற்றின் காரணிகள் முறையே 2, 3, 4, 6, 8, 9, 10, 12, 16 ஆகும். 2 பகா எண்ணே. எனினும் மேற்கூறிய இலக்கணம் அதற்கும் பொருந்துவதால் வரிசையின் தலைப்பில் நிற்கிறது. இவ்வரிசைக்கு முடிவில்லை. இத்தகைய எண்களை ஆழ்ந்து ஆராய்ந்து உலகுக்கு விளக்கியவர், கொருக்குப்பேட்டைக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்த ஒரு தமிழர்.

அவரே சீனிவாச இராமானுஜன். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தியதால் கல்லூரித் தேர்வில் பிற பாடங்களில் தேறவில்லை. வேலை தேடி அலைந்த பிறகு, 1912-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்கு எழுத்தராக அமர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் கற்றவர். அவரும், கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இராமானுஜனின் திறமையை உணர்ந்து துணை நின்றனர். அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், தாம் பணியாற்றிய அதே துறைமுகத்திலிருந்து ‘நெவாசா’ என்னும் கப்பலில் ஏறி அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

1915-ஆம் ஆண்டு, இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் மிகு பகு எண்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது இவ்வாராய்ச்சிக்காகவே ஆகும். அக்கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. அதில் 2 முதலாக 67,46,32,83,88,800 வரையுள்ள மிகு பகு எண்கள், நூற்றுக்கு மேற்பட்டவை, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. கணிப்பொறி இல்லாத காலத்தில், தாளும் எழுதுகோலும் மட்டுமே கொண்டு செய்த வேலை அது.

அவ்வட்டவணையில் ஓர் எண் மட்டும் விடுபட்டுப் போயிற்று. அந்த எண் 2,93,31,86,25,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு என்று இதனைப் படிக்க வேண்டும். நொடிக்கு ஒன்றாக ஒருவர் இரவு பகல் ஓயாமல் எண்ணத் தொடங்கினால், இவ்வெண்ணை அடைவதற்கு ஒன்பதாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் இதன் தன்மைகளை அறிவதற்கு அரைமணி நேரம் போதும். நாம் அதனை இப்பொழுது ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் பள்ளியில் கற்ற எளிய சோதனைகளைச் செய்வோம். கடைசி இலக்கம் 0. ஆகவே இது இரட்டைப்படை எண். 5-ஆலும் 10-ஆலும் வகுபடும். கடைசி மூன்று இலக்கங்களாகிய 600 என்பது 8-ஆல் வகுபடுவதால், இவ்வெண்ணும் 8-ஆல் வகுபடும். இலக்கங்களை எல்லாம் கூட்டினால் 45 வருகிறது. 45 என்பது 9-ஆல் வகுபடுவதால் இவ்வெண்ணும் 9-ஆல் வகுபடும். வலப்புறத்திலிருந்து இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் வந்தால் 11 கிடைக்கிறது. ஆகவே இது 11-ஆலும் வகுபடும்.

இனி, இதனைப் பகா எண்களாகப் பிரிப்போம். 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐ இரு முறையும், 7-ஐ இரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதி, எல்லாவற்றையும் பெருக்கினால் இவ்வெண் வந்துவிடும். மாணவர்கள் தாமே இதனைச் சரிபார்க்கலாம். 2-ஐ ஆறு முறை பெருக்க 64. 3-ஐ நான்கு முறை பெருக்க 81. இவ்விரண்டின் பெருக்கம் 5,184. அதனை 25-ஆல் பெருக்க 1,29,600. அதனை 49-ஆல் பெருக்க 63,50,400. பின்னர் 11-ஆல் பெருக்க 6,98,54,400. 13-ஆல் பெருக்க 90,81,07,200. 17-ஆல் பெருக்க 15,43,78,22,400. இறுதியாக 19-ஆல் பெருக்க 2,93,31,86,25,600.

இப்பிரிப்பிலிருந்து காரணிகளின் எண்ணிக்கையை எளிதில் அறியலாம். சிறிய எண்ணாகிய 12-ஐ எடுத்துக்கொள்வோம். அதில் 2 இரு முறையும் 3 ஒரு முறையும் உள்ளன. ஒரு காரணியை உண்டாக்க 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம். இவை மூன்று வழிகள். 3-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது எடுக்கலாம். இவை இரண்டு வழிகள். மூன்றையும் இரண்டையும் பெருக்க ஆறு. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள் இருப்பதைக் காண்கிறோம். ஆகவே, ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ, அதனுடன் ஒன்றைக் கூட்டி, அவற்றையெல்லாம் பெருக்க வேண்டும். நம் பெரிய எண்ணில் அவை 7, 5, 3, 3, 2, 2, 2, 2 ஆகும். இவற்றின் பெருக்கம் 5,040. ஆம், இந்த ஓர் எண்ணுக்கு ஐயாயிரத்து நாற்பது காரணிகள் உள்ளன! 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். 23-ஆல் மட்டுமே முதன்முதலில் மீதி வரும்.

எண்களை வேறொரு முறையிலும் வகைப்படுத்துவர். ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவ்வெண்ணுக்குச் சமமானால் அது நிறை எண். குறைந்தால் குறை எண். மிகுந்தால் மிகை எண். 6-க்கு 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 6. எனவே அது நிறை எண். 8-க்குக் கூட்டுத்தொகை 7; அது குறை எண். 12-க்குக் கூட்டுத்தொகை 16. அது மிகை எண். நம் பெரிய எண்ணின் 5,039 காரணிகளையும் கூட்டிப் பார்க்க வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. அது 6-ஆல் வகுபடும். ஆகவே அதன் பாதியும், மூன்றில் ஒரு பங்கும், ஆறில் ஒரு பங்கும் காரணிகளாகும். இம்மூன்றையும் கூட்டினாலே அம்முழு எண்ணும் வந்துவிடுகிறது. இன்னும் 1 என்னும் காரணியைச் சேர்த்தால் மிஞ்சிவிடுகிறது. எனவே இது மிகை எண் என்பது ஐயமின்றி விளங்கும். நீண்ட கணக்கைச் சிறிய சிந்தனை எவ்வாறு தவிர்த்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இராமானுஜன் கையாண்ட முறையும் இத்தகையதே. ஒன்று முதல் கோடி கோடியாக எல்லா எண்களையும் ஒருவர் வாழ்நாளில் சோதிக்க இயலாது. மிகு பகு எண்ணின் அமைப்பு எவ்வாறு இருக்க வேண்டும் என்று அவர் முதலில் சிந்தித்தார். பகா எண்கள் 2-இல் தொடங்கி இடையில் ஒன்றும் விடுபடாமல் வர வேண்டும். 28-இல் 2, 2, 7 உள்ளன, 3 விடுபட்டிருக்கிறது. 7-க்குப் பதில் 3-ஐ வைத்தால் 12 கிடைக்கும். அதற்கும் ஆறு காரணிகளே. ஆனால் எண் சிறியது. ஆகவே 28 தோற்றது. மேலும், சிறிய பகா எண் பெரியதைவிடக் குறைந்த முறை வரலாகாது. 18-இல் 2 ஒரு முறையும் 3 இரு முறையும் வருகின்றன. இதனை மாற்றி அமைத்தாலும் 12 கிடைக்கும். ஆகவே 18-உம் தோற்றது. வரிசையின் இறுதியில் நிற்கும் பகா எண் ஒரு முறையே வர வேண்டும். இதற்கு 4, 36 என்னும் இரண்டு எண்களே விலக்கு என்பதையும் அவர் நிறுவினார்.

இவ்விதிகளுக்குப் பொருந்திய எண்கள் எல்லாம் தேறிவிடும் என்று எண்ணிவிடலாகாது. 30 என்பது 2, 3, 5 ஆகியவற்றின் பெருக்கம். விதிகள் எல்லாம் பொருந்துகின்றன. எட்டுக் காரணிகளும் உள்ளன. ஆனால் அதற்கு முன்பே 24 எட்டுக் காரணிகளைப் பெற்றுவிட்டது. ஆகவே 30-க்கு இடமில்லை. விதிகளால் தேர்ந்தெடுத்த எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே தள்ளுவன தள்ளிக் கொள்வன கொள்ள வேண்டும். எண்கள் பன்னிரண்டு இலக்கம், பதின்மூன்று இலக்கம் என வளரும்போது இவ்வேலை எவ்வளவு கடினம் என்பதை நாம் உணரலாம்.

இப்போது அட்டவணையில் எண் விடுபட்ட இடத்துக்கு வருவோம். அங்கே 2,40,94,02,99,600 என்னும் எண் இருக்கிறது. அதன் காரணிகள் 4,800. அதற்கடுத்து 3,21,25,37,32,800 என்னும் எண் இருக்கிறது. அதன் காரணிகள் 5,376. இவ்விரண்டும் அடுத்தடுத்து நின்றால் அதன் பொருள் என்ன? இடையிலுள்ள எந்த எண்ணுக்கும் 4,800-க்கு மேல் காரணிகள் இல்லை என்பதே. ஆனால் நாம் ஆராய்ந்த எண் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதன் காரணிகளோ 5,040. ஆகவே அட்டவணை அவ்விடத்தில் முழுமையானதன்று என்பதை நாமே கண்டுகொள்கிறோம்.

அவ்விரு எண்களின் அமைப்பிலும் 23 என்னும் பகா எண் உண்டு. 7 ஒரு முறையே உண்டு. விடுபட்ட எண்ணோ 23-ஐ விடுத்து, 7-ஐ இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டது. இவ்வாறு 19-உடன் நின்றுவிட்ட ஓர் எண், 23 வரை சென்ற எண்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறது.

இன்னொரு செய்தி வியப்பூட்டுவது. அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800 என்று முன்னரே கண்டோம். அதனை 23-ஆல் வகுத்தால் வருவது எது? விடுபட்ட அதே எண்தான்! புதிய பகா எண்ணாகிய 23 சேர்ந்ததனால் காரணிகள் இரு மடங்காகி, 5,040 என்பது 10,080 ஆயிற்று. தன் இடத்தில் எழுதப்படாத எண், அட்டவணையின் இறுதி எண்ணுக்குள் மறைந்து நிற்கிறது. இதனினும் இனிய செய்தி ஒன்று உண்டு. விடுபட்ட எண்ணின் காரணிகள் 5,040. 5,040-இன் காரணிகள் 60. 60-இன் காரணிகள் 12. 12-இன் காரணிகள் 6. 6-இன் காரணிகள் 4. இவை எல்லாம் மிகு பகு எண்களே.

இப்பிழையால் இராமானுஜனின் பெருமை குறைந்துவிட்டதா? சிறிதும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட எண்களைக் கையால் கணக்கிட்டு ஒன்றே ஒன்று விடுபடுவது பெரிய குற்றமன்று. அவர் நிறுவிய விதிகள் இன்றும் நிலைபெற்றுள்ளன. அக்கட்டுரை வெளிவந்தது முதல் உலகப் போர் நடந்த காலம். கணிதக் கழகம் பண நெருக்கடியில் இருந்தமையால், தாம் எழுதியதில் ஒரு பகுதியை இராமானுஜன் அச்சிடாமல் நிறுத்திக்கொண்டார். அப்பகுதியை நிக்கொலா, ரோபன் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் இருவர் விளக்கங்களுடன் 1997-ஆம் ஆண்டு வெளியிட்டனர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் மறைந்த ஒருவரின் எழுத்து, எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் புதிய செய்தியாக விளங்கியது.

ஆனால் நாம் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை வேறொன்றும் உண்டு. கணிதத்தில் ஒரு கூற்றை, சொன்னவர் பெரியவர் என்பதற்காக ஏற்றுக்கொள்வதில்லை, சரிபார்த்தே ஏற்றுக்கொள்கிறோம். மேதை எழுதிய அட்டவணையையும் பின்வந்தோர் சரிபார்த்தனர். விடுபட்ட எண்ணை அதன் இடத்தில் சேர்த்தனர். இதில் அவமதிப்பு ஏதும் இல்லை. ஒருவர் எழுதியதை எழுத்தெண்ணிப் படித்து, ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பார்ப்பதைவிட அவருக்கு நாம் செய்யும் மரியாதை வேறென்ன இருக்கிறது? அச்சோதனையைச் செய்யப் பெரும் பட்டங்களும் வேண்டா. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த மாணவன் ஒருவன் ஒரு தாளில் செய்து பார்த்துவிடலாம்.

இராமானுஜனின் கடிதங்களையும், அவரை நேரில் அறிந்தோரின் நினைவுரைகளையும் தேடித் திரட்டி நூலாக்கியவர் பி. கே. சீனிவாசன். அவர் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். அவருடைய முயற்சியின் பயனாக, 1993-ஆம் ஆண்டு இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தோன்றின. கொருக்குப்பேட்டையில் இரயில் ஏறினால் வண்ணாரப்பேட்டைக்கு அடுத்த நிலையம் இராயபுரம்.

அடுத்த முறை சரக்கு வண்டி ஒன்று உங்களைக் கடந்து செல்லும்போது, பெட்டியில் எழுதியுள்ள எண்ணைப் பாருங்கள். அதன் கடைசி இலக்கம் முன்னுள்ள பத்து இலக்கங்களுக்கும் காவலாக நிற்கிறது. பெட்டிக்கு இட்ட எண்ணிலேயே பிழை காணும் வழியை வைத்திருக்கிறார்கள். நாம் செய்யும் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அத்தகைய காவல் வேண்டும். அந்தக் காவலை வேறெவரும் வந்து வைக்கமாட்டார். விடையை எழுதியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கும் நம் பழக்கமே அந்தக் காவல்.